1941 முத்திரை உள்ள அந்தப் பையைத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்கிறேன், பிழை என்றால் திருத்துங்கள். திருகோணமலைக் கடற்படை டொக்யார்ட்டில் வேலை செய்த உங்கள் அப்பப்பாவின் சாமான்களுக்குள், பாலையூற்று வீட்டுப் பரணில், ஒரு காக்கிக் கன்வஸ் முதுகுப் பை கிடைத்திருக்கிறது. மூடியின் உட்பக்கம் ஒரு அம்புக்குறி, 1941 என்ற இலக்கம், பாதி அழிந்த சில எழுத்துகள். தோள்வார் ஒன்று அசல், மற்றது யாரோ வாகன சீற் பெல்ட்டை வெட்டித் தைத்தது. பித்தளை எல்லாம் பச்சை பிடித்திருக்கிறது, அடிப்பக்கம் கறுப்புப் புள்ளிகள், ஒரு மூலையில் கறள் கறை. இதைக் கழுவிப் புதுசு போல ஆக்கி, குறைகிற சாமான்களை வாங்கிப் பூட்டி, சேகரிப்பில் வைக்க வேண்டும் என்கிறீர்கள். ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கிறது. புதுசாக்குவது ஒன்று, முழுமையாக்குவது இன்னொன்று. முதலாவதைச் செய்யாதீர்கள் என்றுதான் நான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இரண்டாவது தாராளமாகச் செய்யலாம், நீங்கள் நினைப்பதை விட லேசு.

நான் யார் என்றும் சொல்லிவிட வேண்டும். அருங்காட்சியகத்தில் பயிற்சி எடுத்த ஆள் இல்லை. படங்கு, கூடாரம், வள்ளத்துக்கு மூடி, லொறிக்கு மறைப்பு என்று கன்வஸ் தைத்தே வயிறு வளர்த்த குடும்பம். திருகோணமலையில் அப்பாவின் கடையில் பதின்மூன்று வயதில் ஊசி பிடித்தேன், இப்போது ஐம்பத்தெட்டு. பழைய ராணுவப் பைகள், வார்கள், தண்ணீர்ப் போத்தல் உறைகள் சேர்க்கத் தொடங்கி இருபது வருடம் ஆகிறது. ஆகவே துணி, நூல், பித்தளை பற்றிச் சொல்வதை நம்பலாம். உங்கள் பையின் கதையைப் பற்றிச் சொல்வதை, படத்தைப் பார்த்துச் சொல்கிற ஒருவனின் கருத்தாக மட்டும் எடுங்கள்.

உறுதியானதிலிருந்து தொடங்குவோம். அந்த அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம். கனடாவில் செய்ததில் அம்பு ஒரு சி எழுத்துக்குள் இருக்கும், அவுஸ்திரேலியாவில் செய்ததில் இரண்டு டி எழுத்துகளுக்கு நடுவே நிற்கும், உங்களுடையதில் அம்பு தனியே நிற்கிறது. பக்கத்தில் தெரிகிற எம், டபிள்யூ, எஸ் என்பவை மார்ட்டின் ரைட் அண்ட் சன்ஸ் என்ற இங்கிலாந்துத் தயாரிப்பாளரின் சுருக்கம். 1941 தயாரித்த ஆண்டு. நீங்கள் அளந்து தந்த உயரம் பதினைந்து அங்குலம், அகலம் பதின்மூன்று, ஆழம் நான்கு. உள்ளே தடுப்பு எதுவும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் இது பெரிய பை. இதற்கு ஒரு தம்பி உண்டு, சிறிய பை. அதற்குள் தடுப்புகள் இருக்கும், சாப்பாட்டுத் தட்டத்துக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் தனித்தனி இடம். சேகரிக்கிறவர்கள் இரண்டையும் 1937 மாதிரி என்றுதான் சொல்வார்கள். ஆனால் பெரிய பையின் வடிவம் அதற்கும் முந்திய 1908 மாதிரியிலிருந்து அப்படியே வந்தது. முதலாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய் முதுகில் சுமந்த பைக்கும் உங்கள் பரணில் இருந்ததற்கும் வடிவத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நிறமும் ஒரு சாட்சி. சாம்பல் கலந்த நீலமாக இருந்திருந்தால் விமானப்படைச் சாமான், சீனன்குடா விமானத்தளப் பக்கம் என்று யோசித்திருப்பேன். உங்களுடையது காக்கி.

இனி உறுதியில்லாத பக்கம். "ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று அப்பப்பா இதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவர்" என்று வீட்டில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். 1942 ஏப்ரல் 9 காலையில் இந்த ஊர் மீது குண்டு விழுந்தது உண்மை, அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியதும் உண்மை, பை 1941இல் செய்யப்பட்டதும் உண்மை. இந்த மூன்று உண்மையையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் நாலாவதாக ஒரு உண்மை வந்துவிடாது. தயாரித்த ஆண்டு என்பது பை பிறந்த திகதி, இங்கே வந்து சேர்ந்த திகதி இல்லை. பிரிட்டிஷ் கடற்படை 1957 வரை இந்தத் துறைமுகத்தில் இருந்தது. போகும்போது எவ்வளவோ சாமான் ஏலத்தில் போனது, கைமாறியது, வேலியால் எறியப்பட்டது. அப்பப்பா 1942இலும் எடுத்திருக்கலாம், 1957இல் இரண்டு ரூபாய்க்கும் வாங்கியிருக்கலாம். வீட்டுக் கதையைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று ஒரு கடதாசியில் எழுதிப் பையோடு வையுங்கள், மேலே "குடும்பத்தில் சொல்வது" என்று குறித்துவிடுங்கள். அந்த இரண்டு சொல் இல்லாமல் எழுதினால் இருபது வருடத்தில் அது சரித்திரமாகிவிடும்.

இப்போது ஏன் கழுவ வேண்டாம் என்கிறேன் என்று கேட்பீர்கள். என் முதல் பையை நான் கழுவினேன். சிறிய பை, மூதூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நெல் விதை போட்டு வைத்திருந்தார்கள். ஆசை ஆசையாகக் கொண்டுவந்து, வாளியில் சலவைத்தூள் போட்டு ஒரு இரவு ஊறவைத்து, காலையில் தும்புத் தூரிகையால் தேய்த்து, வெயிலில் கொடியில் போட்டேன். வாளித் தண்ணீர் பச்சைக் களி மாதிரி இருந்தது. ஊத்தை போகிறது என்று சந்தோஷப்பட்டேன். அது ஊத்தை இல்லை. சிப்பாய்கள் தங்கள் கன்வஸ் சாமான்களுக்குப் பிளாங்கோ என்ற ஒரு நிறக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் பூசுவார்கள், ஷெஃபீல்டில் பிக்கரிங் என்ற கம்பனி செய்தது, காக்கிப் பச்சையில் பல சாயல்கள். நான் கழுவி ஊற்றியது அதைத்தான். பை காய்ந்தபோது வெளிறிப்போய், அடிப்பக்கம் சுருங்கி, மூடியைக் கட்டும் வார் ஒன்று இழுத்த இழுப்பில் நாராக வந்தது. கழுவ முன் மூடிக்குள் ஒரு பெயர் இருந்தது, மையால் எழுதியது. "டி" என்று தொடங்கியது மட்டும் ஞாபகம். படம்கூட எடுத்து வைக்கவில்லை. அந்தப் பை இன்னும் என்னிடம் இருக்கிறது, காட்சிக்கு வைப்பதில்லை.

ஆகவே முதல் வேலை கை வைக்காமல் பார்ப்பது. பையை வெறும் மேசையில் வெள்ளைத் துணி விரித்து வையுங்கள், எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அடிமட்டம் இருக்கட்டும். உள்ளே கை விட முன் டோர்ச் அடித்துப் பாருங்கள். மூலைகளில் தோட்டாவோ, என்னவென்று தெரியாத இரும்புச் சாமானோ இருந்தால் அதோடு நிறுத்தி 119க்கு அழையுங்கள், "பழசுதானே" என்று தட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம். எங்கள் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. காக்கி நிறத்தில் எது வீட்டில் இருந்தாலும் பயந்துபோய் எரித்த வருடங்கள் இங்கே இருந்தன. உங்கள் பை பரணில் தப்பியதே பெரிய விஷயம்.

அடிப்பக்கக் கறுப்புப் புள்ளிகள் பூஞ்சணம். அது உயிரோடு இருக்கிறதா, காய்ந்து கிடக்கிறதா என்பதுதான் கேள்வி. பஞ்சுக் குச்சியால் லேசாகத் தொட்டால் பிசுபிசுவென்று இழுபட்டால் உயிரோடு இருக்கிறது, தூளாக வந்தால் உறங்குகிறது. எப்படி இருந்தாலும் முதலில் காய வேண்டும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஒரு மின்விசிறி தூரத்தில் ஓட நாலைந்து நாள் விடுங்கள். வெயில் வேண்டாம், வெயில் நிறத்தையும் தின்னும், நூலையும் தின்னும். இந்த வேலைக்கு எங்கள் பக்கத்தில் கச்சான் காற்று வீசுகிற மாதங்களை விட நல்ல காலம் இல்லை, ஐப்பசி கார்த்திகை மழையில் தொடங்கினால் காய்வதற்குப் பதில் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு போட்ட மாதிரி ஆகும். காய்ந்த பிறகு முகக்கவசம் கட்டி, வீட்டுக்கு வெளியே நின்று, மெல்லிய தூரிகையால் ஒரே திசையில் தட்டி எடுங்கள். தூசு உறிஞ்சும் இயந்திரம் இருந்தால் அதன் வாயில் பழைய நுளம்பு வலைத் துண்டைக் கட்டி, குறைந்த வேகத்தில், துணியில் முட்டாமல் பிடியுங்கள். கறுப்புக் கறை முழுதாகப் போகாது. பூஞ்சணம் நாருக்குள் நிறம் விட்டுவிட்டது, அதைப் போக்க வெளுக்கும் திரவம் ஊற்றினால் கறையோடு துணியும் போகும்.

பூச்சி இருக்கும் என்று சந்தேகம் இருந்தால் நன்றாகக் காய்ந்த பையைத் தடித்த பொலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு கிழமை வையுங்கள், வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் பொதியைத் திறக்காதீர்கள். திறந்தால் குளிர்ந்த துணியில் தண்ணீர் பூத்துவிடும். இது பூச்சியையும் முட்டையையும் கொல்லும், பூஞ்சணத்தைக் கொல்லாது. மீன் கடைக்காரர் ஒருவரின் பெட்டியில் நான் ஒருமுறை இடம் கேட்டு வைத்தேன், அந்த மணம் போக ஒரு மாதம் எடுத்தது. சொந்தப் பெட்டி இருந்தால் நல்லது.

பித்தளைக்கு வருவோம், இங்கேதான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். பச்சைப் பூச்சை எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும், ஏனென்றால் அது துணிக்குள் இறங்கும். ஆனால் மினுக்க வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றில் பிளவு வெட்டி பக்கிளுக்கும் வாருக்கும் நடுவே செருகுங்கள், பிறகு மூங்கில் பற்குச்சியால் பச்சையைச் சுரண்டி, காய்ந்த பஞ்சால் துடையுங்கள். பொறுமை இருந்தால் ஒரு பக்கிளுக்கு அரை மணித்தியாலம். கடையில் விற்கிற மினுக்கித் திரவங்கள் துணியின் நெசவுக்குள் வெள்ளைப் பொடியாகக் காய்ந்து கிடக்கும், எடுக்கவே முடியாது. அதைவிடப் பெரிய ஆபத்து அவற்றில் பலதில் இருக்கிற அமோனியா. பிரிட்டிஷ் இந்தியாவில் ராணுவத்தின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலம் வந்தால் தாமாகவே பிளந்துபோன கதை ஒன்று உண்டு. குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள்; மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாவும் ஈரமும், அடித்து வளைத்த பித்தளைக்குள் தங்கியிருந்த இழுவிசையும் சேர்ந்து பிளக்க வைத்தன என்று 1921இல்தான் சரியாக விளக்கினார்கள். உங்கள் வார் நுனிகளைப் பாருங்கள், பித்தளைத் தகட்டை மடித்து நசுக்கிப் பூட்டியிருக்கிறார்கள். அதே மாதிரி அடித்து மடித்த தகடு, எண்பது வருடம் கடல் காற்றில் கிடந்தது. அதில் போய் அமோனியாவை வைக்க எனக்கு மனம் வராது.

கறள் கறை பற்றி: பையில் இரும்பு இல்லை, அதனால் அது பக்கத்தில் இருந்த ஏதோ ஆணிப் பேணியிலிருந்து வந்திருக்கும். தேசிக்காய்ப் புளியும் உப்பும் போட்டால் போகும் என்று யாராவது சொல்வார்கள், போகவும் போகும். ஆனால் அந்தப் புளி முழுதாக வெளியேறாமல் நாருக்குள் தங்கி, பருத்தியை மெல்ல மெல்லச் சாப்பிடும். இரண்டு வருடம் கழித்துக் கறை இருந்த இடத்தில் ஓட்டை இருக்கும். தூள் போலத் தெரிகிற கறளைத் தூரிகையால் தட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை விட்டுவிடுங்கள். கறையோடு நிற்கிற துணி எனக்குப் போதும்.

தண்ணீரே படக்கூடாதா என்றால், அப்படி இல்லை. சேறோ கடல் உப்போ படிந்திருந்தால் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எவ்வளவு காயவைத்தாலும் பை ஈரலிப்பாகவே இருக்கும். அப்படி என்றால் மட்டும், முத்திரையும் எழுத்தும் இல்லாத ஒரு மூலையில் ஈரப் பஞ்சை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள், நிறம் ஏறவில்லை என்றால் அந்த இடத்தை மட்டும் ஒத்தி ஒத்தி எடுங்கள். சவர்க்காரம் இல்லாமல். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கடலோரக் கிணறுகளில் உவர் உண்டு. பெற்றோல் செட்டில் விற்கிற பற்றரித் தண்ணீர், அதாவது உப்பு நீக்கிய தண்ணீர், நல்லது, ஆனால் பக்கத்திலேயே பற்றரி அசிட்டும் அதே மாதிரிப் போத்தலில் இருக்கும், லேபலை இரண்டு தரம் வாசித்து வாங்குங்கள்.

தையல் விட்ட இடங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மூன்றாவது படத்தில் அடி மூலையில் மூன்று அங்குலம் நூல் போயிருப்பது தெரிகிறது. அது என் தொழில், ஆகவே கொஞ்சம் இழுத்துச் சொல்கிறேன். இயந்திரத்தில் கொடுக்க வேண்டாம். தையற்கடைக்காரர் நல்லவராக இருப்பார், ஆனால் அவருடைய இயந்திர ஊசி பழைய துளைகளுக்குப் பக்கத்தில் புதுத் துளை போடும், பழைய கன்வஸில் துளைக்குப் பக்கத்தில் துளை என்றால் தபால் முத்திரையைக் கிழிப்பது போலக் கிழியும். முனை மழுங்கிய ஊசி எடுங்கள். மெழுகு பூசிய பருத்தி நூல் அல்லது லினன் நூல், பழைய நூலை விடக் கொஞ்சம் மெல்லியதாக. இதில் பலர் நேர்மாறாகச் செய்வார்கள், பலமான நைலோன் நூலைப் போட்டு நன்றாக இறுக்குவார்கள். நூல் துணியை விடப் பலமாக இருந்தால், இழுவை வரும்போது நூல் அறாது, துணி அறும். ஊசியை விரலால் தள்ளாமல் துளை இருக்கிற இடத்தை அதுவே தேட விடுங்கள். பழைய துளை நுழையும்போது சத்தம் வராது. "டக்" என்று சத்தம் வந்தால் நீங்கள் புதுத் துளை போட்டுவிட்டீர்கள், வெளியே எடுங்கள். முடிச்சு உட்பக்கம் இருக்கட்டும், நூல் நிறம் பழையதோடு அச்சொட்டாகப் பொருந்த வேண்டாம். ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தால் தெரியக்கூடாது, கிட்டப் பார்த்தால் தெரிய வேண்டும்.

இனி முழுமையாக்குவது. நல்ல செய்தி என்னவென்றால் இந்தப் பையை வடிவமைத்தவர்கள் உங்களுக்காக வேலையை முடித்து வைத்திருக்கிறார்கள். தோள்வார்கள் பையோடு தைத்தவை இல்லை, பக்கிளுக்குள் நுழைத்துப் பூட்டுபவை. ஆகவே குறைகிற வாரை வாங்கிப் பூட்ட ஒரு தையல்கூடத் தேவையில்லை, நாளைக்குப் பிழை என்று தெரிந்தால் கழற்றிவிடலாம். நீங்கள் தேட வேண்டியது ஆங்கில எல் எழுத்து வடிவத்தில் வளைந்த தோள்வார், வலது ஒன்று, இடது ஒன்று. குட்டைக் கிளையின் நுனியில் ஒரு பித்தளைக் கொக்கி இருக்கும், அது இடுப்புப் பட்டியோடு சேர்ந்த முன்பக்கச் சாமான்களில் மாட்டுவதற்கு. பையை மட்டும் வைத்திருப்பவரிடம் அது சும்மா தொங்கும், உடைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உங்களிடம் இருக்கிறது வலதா இடதா என்று முதலில் பாருங்கள், இணையத்தில் அவசரத்தில் வாங்கி இரண்டு இடது வாரோடு இருக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். (நான்தான்.) இவற்றோடு இரண்டு ஒடுங்கிய தாங்கு வார்களும் உண்டு. பையின் வெளிமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி, இரும்புத் தொப்பியையும் சேர்த்து இறுக்கிக் கட்டுவது. தோள்வார் சோடி, தாங்குவார் சோடி, இவ்வளவு வந்தால் பை முழுமை. இடுப்புப் பட்டி, தோட்டாப் பைகள், போத்தல் என்று போனால் அதற்கு முடிவே இல்லை, அது ஒரு முழுச் சிப்பாயை உருவாக்குகிற வேலை.

வருடம் பொருந்த வேண்டும் என்று தலையை உடைக்காதீர்கள். 1941 பைக்கு 1941 வார்தான் வேண்டும், அதுவும் அதே தயாரிப்பாளர் என்று சேகரிப்பாளர்கள் மூச்சுப் பிடிப்பார்கள், விலையும் அதற்கேற்ற மாதிரி ஏறும். களஞ்சியத்தில் கைக்கு எது வந்ததோ அதைத்தான் சிப்பாய்க்குக் கொடுத்தார்கள். 1939 பையில் 1943 கனடா வார் இருந்தால் அது போரில் இருந்த மாதிரியே இருக்கிறது. நிறம் பொருந்தவில்லை என்று தேயிலைச் சாயத்தில் ஊறப்போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம், தேயிலையும் புளிதான், பொய்யும்தான்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க என் கைவைத்தியம் இரண்டு. அவிழ்ந்து தொங்குகிற நூல் நுனி ஒன்றை வெட்டி, பையிலிருந்து தள்ளி, தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தியோ லினனோ என்றால் கடதாசி எரிகிற மணத்தோடு சாம்பலாகும். உருகி மணி போலத் திரண்டால் செயற்கை நூல், 1941இல் அது இந்தச் சாமானில் இருக்க வழியில்லை. மற்றது, காசுத்தாள் பார்க்கிற ஊதா டோர்ச். இருட்டறையில் அடித்தால் புதுத் தயாரிப்பின் நூல் நீலமாக மின்னும், வெண்மையூட்டும் ரசாயனம் அதில் இருப்பதால். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். உண்மையான பழைய வாரை யாராவது என்னைப்போல் சலவைத்தூளில் கழுவியிருந்தால் அதுவும் மின்னும். முத்திரையையும் பாருங்கள், பழைய மை நெசவுக்குள் இறங்கி, மேலே பிளாங்கோவோ அழுக்கோ கொஞ்சமாவது மூடியிருக்கும். அழுக்குக்கு மேலே மை நின்றால் அது பிந்தி அடித்த முத்திரை. அசல் கிடைக்கவில்லை, பிரதி வாங்கினீர்கள் என்றால் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஆனால் அதன் உட்பக்கத்தில் வாங்கிய வருடத்தோடு "பிரதி" என்று எழுதிய சின்னப் பருத்திப் பட்டி ஒன்றைத் தைத்துவிடுங்கள்.

அந்த சீற் பெல்ட் வார். அதை வெட்டி எறிவதுதான் உங்கள் முதல் திட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் என்றால் விட்டுவைப்பேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதைத் தைத்தவர் தையற்காரர் இல்லை, ஆனால் கவனமான ஆள். நுனியை நெருப்பில் சுட்டு நார் பிரியாமல் செய்திருக்கிறார், பெட்டி போட்டுக் குறுக்கே பெருக்கல் குறி தைத்திருக்கிறார், பாய்மரம் தைக்கிறவர்கள் போடுகிற மாதிரி. டொக்யார்ட் வேலைக்காரர் ஒருவர் வார் அறுந்த பிறகும் இந்தப் பையைப் பாவித்திருக்கிறார் என்பதற்கு அது சாட்சி. அது அப்பப்பாவின் கையா, அப்பாவின் கையா என்று வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். அசல் வார் அதே பக்கிளில்தான் பூட்ட வேண்டும், சீற் பெல்ட் இடத்தை மறிக்கிறது, கழற்றத்தான் வேண்டும் என்றால், தையலைப் படம் எடுத்து, நூலை ஒவ்வொரு கண்ணாக வெட்டி, வாரையும் நூல் துண்டுகளையும் ஒரு கடதாசி உறையில் போட்டுப் பைக்குள் வையுங்கள். எந்தப் பக்கம் போனாலும் இது உங்கள் முடிவு, ஆட்சேபணை இல்லை. குப்பைக்கு மட்டும் போகக்கூடாது.

வைக்கிற விதம். தட்டையாக மடித்து வைத்தால் மடிப்பில் வெடிக்கும், ஆகவே உள்ளே ஏதாவது அடைத்து வடிவத்தில் நிற்க விடுங்கள். பத்திரிகைத் தாள் வேண்டாம், அது மஞ்சளாகிப் புளிப்பு விடும். நாலைந்து தரம் வெறும் தண்ணீரில் அலசிக் காய்ந்த வெள்ளைப் பருத்திச் சேலைத் துண்டு போதும், அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பொலித்தீனில் கட்டிச் சேமிக்காதீர்கள், எங்கள் ஊர் ஈரத்துக்கு அது பூஞ்சணப் பண்ணை. சீமெந்துச் சுவரிலும் நிலத்திலும் முட்டாமல், ஜன்னல் வெளிச்சம் நேரே படாமல், பருத்தி உறை போட்டு அலுமாரி நடுத்தட்டில். ஈரமானி ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள், நூற்றுக்கு அறுபத்தைந்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பூஞ்சணம் திரும்ப வராது. மழை மாதங்களில் அது தாண்டும், அப்போது வாரம் ஒருமுறை கதவைத் திறந்து மின்விசிறி போடுங்கள், சிலிக்கா மணிகளை மாற்றுங்கள். பூச்சி உருண்டை துணியோடு தொடவே கூடாது.

கடைசியாக, உங்கள் இரண்டாவது படம். நீங்கள் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை, கவனிக்கவில்லையோ தெரியாது. முத்திரைக்குக் கீழே, மூடியின் மடிப்புக்குப் பக்கத்தில், மையில் எழுதிய ஏதோ இருக்கிறது. எனக்கு அது பி, ஒரு சாய்கோடு, ஜே, எக்ஸ், பிறகு இலக்கங்கள் போலத் தெரிகிறது. அப்படித்தான் என்றால் அது ராணுவ இலக்கம் இல்லை, கடற்படை இலக்கம். பி என்றால் போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்குப் பதிவானவர், ஜே என்றால் கப்பல் தளத்தில் வேலை செய்கிற மாலுமிப் பிரிவு, எக்ஸ் என்றால் 1925க்குப் பிந்திய சம்பளத் திட்டத்தில் சேர்ந்தவர். இலக்கம் முழுதாகக் கிடைத்தால், அந்த ஆள் போரில் இறந்தவரா என்று பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் பட்டியலில் தேடலாம். உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் இருக்கிற கல்லறைகளும் அதில் உண்டு. உயிரோடு ஊர் திரும்பியவராக இருந்தால் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார், அது நல்ல விஷயம்தான். ஆனால் ஜே மாதிரித் தெரிகிறது வெறும் மடிப்புக் கோடாகவும் இருக்கலாம், இந்தப் படத்தை வைத்து நான் சத்தியம் பண்ண மாட்டேன். இன்று இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச்சைத் துணியோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் படுக்கவைத்து அடித்து, முதலில் இடப்பக்கமிருந்து, பிறகு வலப்பக்கமிருந்து, கையால் தேய்க்காமல், ஊதாமல், நாலைந்து படம் எடுத்துப் போடுங்கள். தூரிகை வேலை எல்லாம் அதற்குப் பிறகு தொடங்கலாம்.